சொந்த ஸ்டெம் செல்லால் மைலோமா சிகிச்சை: அப்பாவுக்கு இப்போதே செய்யலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. தஞ்சாவூர்ப் பக்கம் கிராமத்தில் விவசாயம் செய்கிறார். வீட்டில் இரண்டு பசுக்கள் உண்டு. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. முதுகு வலிக்கு ஜவ்வு விலகல் என்று பல மாதம் வைத்தியம் பார்த்த பிறகுதான் மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் என்று தெரிந்தது. நான்கு மாதமாக வாரம் ஒருமுறை வயிற்றில் போர்டெசோமிப் ஊசியும், லெனாலிடோமைட், டெக்ஸாமெத்தசோன் மாத்திரைகளும் எடுத்துக்கொள்கிறார். நோயின் அளவைக் காட்டும் எம் புரதம் 4.2-லிருந்து 0.3-ஆகவும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 2.4-லிருந்து 1.1-ஆகவும் இறங்கிவிட்டன. இப்போது அவருடைய ஸ்டெம் செல்லையே (இரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்) எடுத்து அவருக்கே திரும்பச் செலுத்த வேண்டும் என்கிறார் டாக்டர். நோயுள்ள உடம்பிலிருந்து எடுத்ததை அதே உடம்பில் விட்டால் நோயும் சேர்ந்து திரும்பாதா? சித்தப்பா தன் செல்லைத் தருகிறேன் என்கிறார். அது வேண்டாம் என்பது ஏன்? நடமாடத் தொடங்கிவிட்ட மனிதரை மறுபடி எதற்குப் படுக்க வைக்க வேண்டும், புதிய மருந்துகளே போதாதா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். மூட்டு வலிக்கே ஸ்டெம் செல் ஊசி போடுகிறார்கள், சொந்தச் செல் என்பதால் பக்கவிளைவே இல்லை என்கிறார் என் கணவர். அப்பாவிடம் புற்றுநோய் என்று இன்னும் சொல்லவில்லை. எலும்புத் தேய்மானம் என்றே சொல்லி வைத்திருக்கிறோம்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஐந்து கேள்விகள் இருந்தாலும், அவற்றில் நான்குக்கு ஒரே விஷயத்தைப் புரிந்துகொண்டால் விடை கிடைத்துவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். இந்தச் சிகிச்சையில் நோயை அடிப்பது ஸ்டெம் செல் அன்று. அடிப்பது மெல்ஃபலான் என்ற கீமோ மருந்து. அது 1950-களிலிருந்து இருந்துவரும் பழைய மருந்துதான். ஆனால் இங்கே அது உடலின் பரப்பளவில் ஒரு சதுர மீட்டருக்கு 200 மில்லிகிராம் என்ற மிகப் பெரிய அளவில் நரம்பின் வழியே செலுத்தப்படுகிறது. அந்த அளவு, மைலோமாச் செல்களை அழிப்பதோடு, புதிய இரத்தத்தை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையையும் சேர்த்துத் துடைத்துவிடும். அப்படியே விட்டால் மஜ்ஜை மீண்டு எழுவதற்குப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் நோய்த்தொற்றோ இரத்தப்போக்கோ ஆளைக் கொண்டுபோய்விடலாம். வெள்ளம் வருமுன் விதைநெல்லை மேட்டில் எடுத்து வைப்பதைப் போல, மருந்து கொடுப்பதற்கு முன்பே கொஞ்சம் ஸ்டெம் செல்லை எடுத்துப் பத்திரப்படுத்தி, மருந்து உடம்பை விட்டு நீங்கியதும் திரும்பச் செலுத்துகிறோம். ஸ்டெம் செல்லின் வேலை அவ்வளவே.

இது எப்படி உருவானது என்பதைச் சுருக்கமாகச் சொன்னால் உறவினர்களின் கேள்விக்கும் பதில் சொல்ல எளிதாக இருக்கும். லண்டனில் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையைச் சேர்ந்த மெக்எல்வெய்னும் பாவல்ஸும் 1983-இல் பெரிய அளவு மெல்ஃபலானை, செல் எதையும் திருப்பிச் செலுத்தாமலே, சில நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவரை எந்த மருந்துக்கும் அப்படி அடங்காத நோய், சிலரிடம் முற்றாக மறைந்தது. ஆனால் இரத்த அணுக்கள் இறங்கிக் கிடந்த காலம் நீண்டு, ஆபத்தாக முடிந்தது. அந்தக் காலத்தைச் சுருக்கத்தான் நோயாளியின் சொந்த மஜ்ஜையைத் திருப்பிக் கொடுக்கும் முறை வந்தது. 1996-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் 200 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு, அன்றைய வழக்கமான கீமோவைவிட இந்த முறையில் நோயாளிகள் அதிக காலம் வாழ்ந்ததைக் காட்டியது. மைலோமாவுக்கு இது வழக்கமான சிகிச்சையானது அதன் பிறகுதான். இந்தியாவுக்கும் இது புதிதன்று. வேலூர் சிஎம்சியில் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1986 முதலே நடந்துவருகிறது.

இனி உங்கள் முதல் கேள்வி. எடுக்கும் செல்களோடு சில மைலோமாச் செல்களும் வந்துவிடலாம் என்ற உங்கள் அச்சம் நியாயமானது. மருத்துவர்களுக்கும் அதே அச்சம் இருந்தது. அதனால், எடுத்த செல்களைச் சலித்து, ஸ்டெம் செல்லை மட்டும் பிரித்துச் செலுத்திப் பார்த்தார்கள். பையில் இருந்த நோய்ச் செல்கள் குறைந்தன என்பது உண்மை. ஆனால் நோய் திரும்பி வருவதோ நோயாளியின் ஆயுளோ அதனால் மாறவில்லை. ஏனென்றால், நோய் பெரும்பாலும் திரும்புவது உடம்பிலேயே, மெல்ஃபலானுக்கும் தப்பி ஒளிந்திருக்கும் செல்களிலிருந்துதான். உங்கள் அப்பாவின் எம் புரதம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்கும் இந்த நேரத்தில் செல் எடுக்கச் சொல்வதும் இதை மனத்தில் வைத்தே: நோய் அடங்கியிருக்கும்போது எடுத்தால், கலந்து வரும் நோய்ச் செல்லும் மிகக் குறைவாக இருக்கும்.

நோய் ஒருநாள் திரும்பலாம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மைலோமாவை இந்தச் சிகிச்சை வேரோடு ஒழிப்பதாக யாரும் உறுதி தர முடியாது. நெடுங்காலம் அடக்கி வைப்பதே இதன் நோக்கம். சிகிச்சைக்குப் பிறகும் குறைந்த அளவில் லெனாலிடோமைட் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ‘மஜ்ஜை மாற்றியாயிற்று, இனி மாத்திரை எதற்கு’ என்று நிறுத்திவிட்டு வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

சித்தப்பா பற்றி: உடன்பிறந்த ஒருவரின் திசுவகை முழுமையாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. பொருந்தினாலும்கூட, பிறருடைய மஜ்ஜையிலிருந்து உருவாகும் வெள்ளை அணுக்கள் உங்கள் அப்பாவின் தோல், குடல், கல்லீரல் ஆகியவற்றை அந்நியம் என்று கருதித் தாக்கக்கூடும். அதைக் கட்டுப்படுத்த எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். சிகிச்சையினாலேயே உயிரிழக்கும் ஆபத்தும் சொந்தச் செல் முறையைவிடப் பல மடங்கு அதிகம். இரத்தப் புற்றுநோயின் சில வகைகளில் அந்த ஆபத்தை ஏற்பதற்குக் காரணம் உண்டு, ஏனென்றால் அங்கே கொடையாளியின் அணுக்களே நோயோடு சண்டையிடுகின்றன. மைலோமாவில் முதல் சிகிச்சையாக அதைச் செய்வதால் அந்த ஆபத்துக்கு ஈடான பலன் கிடைப்பதில்லை. சித்தப்பாவின் நல்ல மனத்துக்கு வேறு வேலை இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

உறவினர்களின் கேள்விதான் உண்மையிலேயே கடினமானது. எங்களைப் போன்ற இரத்தவியல் மருத்துவர்களே மாநாடுகளில் இதைப் பற்றி வாதிட்டுக்கொள்கிறோம். 2022-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, உங்கள் அப்பா எடுத்துக்கொள்ளும் இதே மூன்று மருந்துகளைப் பெற்ற 722 நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு உடனே இந்தச் சிகிச்சையையும் சேர்த்துக் கொடுத்தது. மறு பாதியினருக்குச் செல்லை எடுத்து வைத்துவிட்டு, மருந்தை மட்டும் தொடர்ந்தது. இரு தரப்புக்கும் பிறகு லெனாலிடோமைட் தொடரப்பட்டது. உடனே சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு நோய் மீண்டும் தலைதூக்க 67.5 மாதம் ஆனது. மற்றவர்களில் அது 46.2 மாதம். ஏறக்குறைய 21 மாத வித்தியாசம். ஆனால் ஆறாண்டுக்கு மேல் கவனித்த பிறகும், உயிரோடிருந்தவர்களின் எண்ணிக்கையில் இரு தரப்புக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மேலும், சிகிச்சை பெற்றவர்களில் 10 பேருக்குப் பின்னாளில் வேறு வகை இரத்தப் புற்றுநோயோ அதன் முன்நிலையோ வந்தது; மறு தரப்பில் அப்படி ஒருவருக்கும் வரவில்லை. அது மெல்ஃபலானின் விலை.

ஆகவே, ‘இதைச் செய்யாவிட்டால் பிழைக்க மாட்டார்’ என்று யாராவது சொன்னால் அது மிகை. ‘புதிய மருந்து வந்துவிட்டது, இனி இது வேண்டாத வேலை’ என்பதும் அதே அளவு மிகை. நோய் அடங்கியிருக்கும் 21 மாதம் என்பது, ஒரு விவசாயக் குடும்பத்துக்கு, விலையுயர்ந்த இரண்டாம் கட்ட மருந்துகளைத் தேடி அலைய வேண்டாத 21 மாதம். அந்த அமெரிக்க நோயாளிகளுக்கு நோய் திரும்பியபோது கிடைத்த மருந்துகள் எல்லாம் நம் ஊரில் எல்லோருக்கும் எட்டும் விலையில் இல்லை. உயிர்வாழும் காலத்தில் இரு தரப்பும் சமமாக நின்றதற்கு அந்த மருந்துகளும் ஒரு காரணம் என்பதால், நம் சூழலில் கையில் இருக்கும் வலுவான ஆயுதத்தை முதலிலேயே பயன்படுத்துவது நல்லது என்ற பக்கம் நான் சாய்கிறேன். நேரில் பார்க்காமல் இதற்கு மேல் உறுதியாகச் சொல்வது முறையாகாது. அப்பாவின் இதயத்தின் எக்கோ பரிசோதனை, நுரையீரல், சிறுநீரகத்தின் இப்போதைய திறன், மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகியவை அனுமதிக்க வேண்டும். அவருடைய மஜ்ஜைச் செல்களில் 17-ஆவது குரோமோசோமின் ஒரு பகுதி இழக்கப்பட்டிருக்கிறதா என்பது போன்ற மரபணுப் பரிசோதனையின் முடிவும் தெரிந்திருக்க வேண்டும். அத்தகைய ஆபத்தான வகையாக இருந்தால், தள்ளிப்போடுவதற்கு எதிரான வாதம் இன்னும் வலுவாகிறது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தவர் என்பதால், மெல்ஃபலான் அளவை 200-இலிருந்து 140-ஆகக் குறைக்க வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். வயது 61 என்பது இதில் தடையே இல்லை.

எந்த முடிவை எடுத்தாலும் ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: செல்லை எடுத்து வைப்பதை. லெனாலிடோமைட் எடுத்துக்கொள்ளும் காலம் நீள நீள, ஸ்டெம் செல்களை மஜ்ஜையிலிருந்து இரத்தத்துக்குக் கொண்டுவருவது கடினமாகிறது. நான்கு சுற்று முடிந்திருக்கும் இப்போதுதான் அதற்குச் சரியான நேரம். சிகிச்சையைப் பிற்பாடு வைத்துக்கொள்வதாக முடிவு செய்தாலும், செல்லை இப்போதே எடுத்து உறைய வைக்கும் வசதி அந்த மருத்துவமனையில் இருக்கிறதா, ஆண்டுதோறும் அதற்கு என்ன கட்டணம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எடுக்கும் முறை பலர் அஞ்சுவதைப் போல எலும்பைத் துளைப்பதில்லை. நான்கைந்து நாள் தோலுக்கடியில் ஜி-சிஎஸ்எஃப் ஊசி போடுவார்கள். மஜ்ஜை அதனால் வேகமாக வேலை செய்து, ஸ்டெம் செல்களை இரத்தத்தில் தள்ளும். அந்த நாட்களில் இடுப்பிலும் நெஞ்செலும்பிலும் வலிக்கும். நோய்தான் திரும்பிவிட்டதோ என்று அப்பா பயப்படலாம், அதனால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பாராசிட்டமால் போதும். பிறகு கழுத்திலோ கையிலோ உள்ள குழாய் வழியாக இரத்தம் ஓர் இயந்திரத்துக்குள் போய்ச் சுழன்று, ஸ்டெம் செல் உள்ள மெல்லிய அடுக்கு மட்டும் ஒரு பைக்குப் போக, மற்றதெல்லாம் உடனுக்குடன் உடம்புக்கே திரும்பிவிடும். டயாலிசிஸ் பார்த்தவர்களுக்கு அந்த அறை அறிமுகமானதாகத் தோன்றும். நான்கைந்து மணி நேரம் படுத்திருக்க வேண்டும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊறுவது போல் இருந்தால் உடனே செவிலியரிடம் சொல்லச் சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் மருந்து கால்சியத்தைக் குறைப்பதால் வருவது அது, கால்சியம் கொடுத்தால் சரியாகிவிடும். உடல் எடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் ஸ்டெம் செல் வேண்டும். 40, 50 லட்சம் கிடைத்தால் நிம்மதி. ஒரே நாளில் கிடைக்காவிட்டால் மறுநாளும் எடுப்பார்கள். அப்போதும் போதவில்லை என்றால் பிளெரிக்ஸாஃபோர் என்ற ஊசி உதவும், ஆனால் அது விலை அதிகம். செலவு மதிப்பீட்டில் அது சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மெல்ஃபலான் கொடுப்பது ஒரு நாள்தான். அது சில மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து நீங்கிவிடுவதால், மறுநாளே செல்களைச் செலுத்திவிடலாம். சில மையங்களில் செல்களை உறைய வைக்காமல், குளிர்ப்பெட்டியில் ஓரிரு நாள் வைத்திருந்தே செலுத்துகிறார்கள், அதிலும் குறையில்லை. உறைய வைத்த செல்லாக இருந்தால், அதைக் காக்கச் சேர்த்த வேதிப்பொருளால் அறையில் ஒரு நாள் பூண்டு வாடை அடிக்கும். இரத்தம் ஏற்றுவது போலவே ஒரு பை இறங்கி முடியும். இதற்காகவா இத்தனை நாள் பயந்தோம் என்று குடும்பத்தார் கேட்பார்கள். பயப்பட வேண்டிய நாட்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

மெல்ஃபலான் ஏறும்போது, அதற்குச் சற்று முன்பிருந்து முடிந்த பின்பு வரை, வாயில் ஐஸ் கட்டியைப் போட்டுச் சப்பிக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். குளிரில் வாயின் இரத்த நாளங்கள் சுருங்குவதால், அந்தத் தோலுக்கு மருந்து குறைவாகவே போய்ச் சேரும். வாய்ப்புண் வெகுவாகக் குறையும். செலவே இல்லாத இந்த வைத்தியத்தை நம் ஊரில் அதிகம் கெடுப்பது உடன் இருப்பவர்கள்தான். சளி பிடிக்கும், காய்ச்சல் வரும் என்று, செவிலியர் அந்தப் பக்கம் போனதும் ஐஸைத் துப்பச் சொல்லிவிட்டு வெந்நீர் கொடுத்த மகள்களை, மனைவிகளை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஐஸால் சளி பிடிப்பதில்லை. வாய் முழுக்கப் புண்ணானால்தான் சாப்பிட முடியாமல் போய், புண் வழியே கிருமி இரத்தத்துக்குள் நுழையும்.

செல் செலுத்திய நாளிலிருந்து எண்ணினால், ஐந்தாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள் வரை வெள்ளை அணுக்கள் கிட்டத்தட்ட இல்லாத நிலைக்குப் போகும். காய்ச்சல் வருவது அநேகமாக நிச்சயம். வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிடுவார்கள். வயிற்றுப்போக்கு இருக்கும், முடி கொட்டும், சோற்றைப் பார்த்தாலே குமட்டும். சர்க்கரைக்குச் சாப்பிடும் மாத்திரைகளை நிறுத்திவிட்டு, அந்த நாட்களில் இன்சுலினுக்கு மாற்றுவார்கள். அது சர்க்கரை முற்றிவிட்டதன் அறிகுறி ஆகாது. பத்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள், வெள்ளை அணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில் அணுக்கள் 500-ஐத் தாண்டி மூன்று நாள் நிலைத்தால், செல்கள் மஜ்ஜையில் குடியேறிவிட்டன என்று பொருள். மொத்தத்தில் இரண்டிலிருந்து மூன்று வாரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும். தேர்ந்த மையங்களில் இந்தக் காலத்தில் உயிரிழப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர். சிறிய எண் என்றாலும், அது இல்லை என்று சொல்லிக் கையெழுத்து வாங்கக் கூடாது.

இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் அப்போது குறைந்துவிடும். சித்தப்பா தேவைப்படுவது இங்கேதான். வயதும் உடல்நிலையும் ஒத்துவந்தால் அவரும், ஊரில் உள்ள இளைஞர்கள் நான்கைந்து பேரும், ஒரே கொடையாளியிடமிருந்து இயந்திரம் மூலம் எடுக்கும் தட்டணு தரத் தயாராக இருக்கட்டும். அழைத்த அன்றே வரக்கூடியவர்களாகப் பட்டியல் போட்டு, இரத்த வங்கியில் முன்கூட்டியே பரிசோதித்து வைத்துவிடுங்கள். கதிரியக்கம் பாய்ச்சிய இரத்தப் பைகளை மட்டுமே அப்பாவுக்கு ஏற்ற வேண்டும்; உறவினர் கொடுத்ததாக இருந்தால் அது இன்னும் அவசியம். மருத்துவமனைக்கு இது தெரியும் என்றாலும், நீங்களும் கேட்பதில் தவறில்லை.

அந்த வாரங்களில் நிலவேம்புக் கஷாயம், பப்பாளி இலைச் சாறு, அக்கம்பக்கத்தார் சொல்லும் லேகியம் எதுவும் வேண்டாம். கோயில் தீர்த்தம், துளசி, பூ, பிரசாதம் ஆகியவற்றையும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். நம்பிக்கையைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. எதிர்ப்பாற்றல் இல்லாத உடம்புக்குள், கொதிக்க வைக்காத தண்ணீரிலும் பூவிலும் உள்ள கிருமி போனால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்கிறேன். விபூதியை வீட்டில் இருப்பவர்கள் அவர் சார்பில் இட்டுக்கொள்ளட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு விவசாயிக்கு நான் சொல்லும் கண்டிப்பான விதி, குறைந்தது மூன்று மாதம் மாட்டுக் கொட்டகைக்குப் போகக் கூடாது என்பதுதான். வைக்கோல், சாணம், எருக்குழி இவற்றின் தூசியில் உள்ள பூஞ்சை நுரையீரலில் இறங்கினால் மீட்பது பெரும்பாடு. அறுவடை நேரத்தில் களத்துக்கும் போகக் கூடாது. பசுக்களைக் கொஞ்ச நாள் வேறொருவர் பொறுப்பில் விட முடியுமா என்று இப்போதே யோசியுங்கள். ‘சும்மா ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்’ என்று அவர் கிளம்புவதைத் தடுப்பது எளிதாக இருக்காது. அக்கி வராமல் தடுக்கும் அசைக்ளோவிர் மாத்திரை ஓராண்டு வரை தொடரும். சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் பாதுகாப்பும் போய்விடுவதால் அவற்றைக் குழந்தைக்குப் போடுவது போல மறுபடி போட வேண்டும். உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகளை மட்டும் இரண்டு ஆண்டுக்குப் பிறகே போடலாம்.

செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்காமல் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் அதை நினைத்துத் தூங்காமல் இருப்பவர்கள். தனியாரில் பல லட்சம் ஆகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் இடம்பெற்றிருக்கிறது; காப்பீட்டு அட்டையுடன் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இந்தச் சிகிச்சை நடக்கிறது. நிலத்தை விற்பதற்கு முன் இந்தக் கதவுகளைத் தட்டுங்கள்.

உங்கள் கணவரின் கருத்துக்கு வருகிறேன். மேலே எழுதிய அத்தனை தொல்லையும் சொந்தச் செல் சிகிச்சையில்தான் வருகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். செல் சொந்தமானதாக இருப்பதால் உடம்பு அதை நிராகரிக்காது. பாதுகாப்பும் பலனும் அதனாலேயே வந்துவிடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று தவிர்த்த ஏனைய ஸ்டெம் செல் சிகிச்சைகளை ஆராய்ச்சி என்றே வகைப்படுத்துகிறது. அதாவது, அனுமதி பெற்ற ஆய்வுக்குள், நோயாளியிடம் காசு வாங்காமல் செய்ய வேண்டியவை அவை. மூட்டுக்கும் சர்க்கரைக்கும் ஆட்டிசத்துக்கும் விளம்பரம் கொடுத்து லட்சக்கணக்கில் வாங்குபவர்கள், உங்கள் அப்பாவுக்கு நடக்கவிருக்கும் சிகிச்சைக்குக் கிடைத்திருக்கும் நற்பெயரைத்தான் கடன் வாங்கி விற்கிறார்கள்.

இரத்தவியலுக்குள்ளேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. 1990-களில், பெரிய அளவு கீமோவும் சொந்த ஸ்டெம் செல்லும் மார்பகப் புற்றுநோயையும் வெல்லும் என்று நம்பி அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அதைச் செய்தார்கள். செலவைத் தர மறுத்த காப்பீட்டு நிறுவனங்கள் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டன. 1999-இல் முறையான ஆய்வுகளின் முடிவுகள் வந்தபோது, பெரும்பாலானவற்றில் பலன் இல்லை. பெரும் பலன் காட்டியது தென்னாப்பிரிக்காவின் வெர்னர் பெஸ்வோடா என்ற மருத்துவரின் ஆய்வு. 2000-இல் அமெரிக்கக் குழு ஒன்று ஜோகன்னஸ்பர்க் சென்று பதிவேடுகளைப் பார்த்தபோது அது மோசடி என்று தெரிந்தது. ஒரே முறை, அதே செல், அதே போன்ற மருந்து: மைலோமாவுக்குப் பலன் தந்தது, மார்பகப் புற்றுக்குத் தரவில்லை. நோய்க்கு நோய் தனித்தனியே நிரூபிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்பது அதனால்தான்.

கடைசியாக, அப்பாவிடம் சொல்லாமல் இருப்பது. அன்பினால்தான் மறைக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு குடும்பமாவது அறைக்கு வெளியே என்னை நிறுத்தி ‘அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் டாக்டர்’ என்கிறது. மாத்திரையும் ஊசியுமாக இருந்தவரை அது எப்படியோ ஓடிவிட்டது. இனி ஓடாது. எலும்புத் தேய்மானம் என்று நம்பிக்கொண்டிருக்கும் மனிதருக்கு ஏன் முடி கொட்டுகிறது, ஏன் மூன்று வாரம் தனியறை, ஏன் பேரப்பிள்ளைகளைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்துகிறார்கள் என்பதற்கு நீங்கள் எந்தக் காரணமும் சொல்ல முடியாது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டியவரும் அவரே. நோயின் பெயர் தெரியாமல் போடும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது. அப்படி ஒருவருக்குச் சிகிச்சையைத் தொடங்க நான் சம்மதிப்பதில்லை. எனக்கு வாய்த்த அனுபவத்தில், பெரும்பாலான அப்பாக்களுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கிறது. பிள்ளைகள் மனம் நோகக் கூடாது என்று அவர்களும் தெரியாதது போல இருக்கிறார்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, முன்னதாகவே அரைமணி நேரம் கேட்டு வாங்கி, அப்பாவையும் அம்மாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நோயின் பெயரை மருத்துவரே சொல்லட்டும். எம் புரதம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதையும் அதே மூச்சில் சொல்லச் சொல்லுங்கள். இப்போதே செய்துகொள்வதா, செல்லை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருப்பதா என்பதை, மேலே சொன்ன இரண்டு பக்க நியாயங்களையும் கேட்ட பிறகு அவரே சொல்லட்டும். மரபணுப் பரிசோதனை முடிவு, அண்மைய எக்கோ அறிக்கை, காப்பீட்டு அட்டை மூன்றையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். பல் மருத்துவரிடமும் அதற்கு முன் ஒருமுறை காட்டிவிடுங்கள்; சொத்தைப் பல் இருந்தால் பிடுங்கி, புண் ஆறிய பிறகே மெல்ஃபலான் நாளைக் குறிப்பார்கள்.